மஞ்ச போர்டு வண்டிங்க நடுவுல பைக் ஓட்டுறது எப்படி: ராம்நாடு – ராமேஸ்வரம் – ஈசிஆர் ரூட்டுக்கு முழு வழிகாட்டி

ராம்நாட்டுல இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் டெய்லி பைக்ல போயிட்டு வர்ற யார்கிட்டயாவது ரோட்டுல எதுக்கு பயப்படுறீங்கன்னு கேட்டுப்பாருங்க, லாரின்னு சொல்லமாட்டாங்க, மஞ்ச போர்டுன்னு தான் சொல்லுவாங்க. டாக்சி, டெம்போ டிராவலர், ஷேர் ஆட்டோ இதுங்க நடுவுல டூவீலர ஓட்டி முழுசா வீடு வந்து சேர்றது எப்படின்னு தான் இங்க எழுதுறேன். டிரைவருங்கள திருத்துறது நம்ம சோலி இல்ல, அதுக்கு ஆர்டிஓ இருக்கு போலீஸ் இருக்கு. நம்ம சோலி, அந்த வண்டி அடுத்த அஞ்சு செகண்டுல என்ன பண்ணப்போகுதுன்னு முன்னாடியே யூகிக்கிறது. அது முடியுமான்னு கேட்டா நல்லாவே முடியும், ஏன்னா நம்ம பக்கம் நடக்கிற கோளாறு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எடத்துல, ஒரே நேரத்துல, ஒரே காரணத்துக்காக தான் நடக்குது.

1. முதல்ல நம்பர் பிளேட்ட பாருங்க

வெள்ளை பிளேட்டுல கருப்பு எழுத்துன்னா சொந்த வண்டி. மஞ்ச பிளேட்டுல கருப்பு எழுத்துன்னா வாடகை வண்டி. பச்சை பிளேட்டுல மஞ்ச எழுத்து இருந்தா கரண்ட்ல ஓடுற வாடகை வண்டி, இப்ப வர்ற எலக்ட்ரிக் ஆட்டோ எல்லாம் இந்த ரகம், சத்தமே இல்லாம பக்கத்துல வந்து நிக்கும், அதனால காத வச்சு ஓட்டுறவங்க கண்ணையும் வச்சுக்கோங்க.

அடுத்து எந்த ஊர் வண்டின்னு பாருங்க. டிஎன் 65 நம்மூரு. 58, 59, 64 மூணும் மதுரை. கேஎல், கேஏ, ஏபி எல்லாம் தூரத்துல இருந்து வந்தது. இதுல என்ன வித்தியாசம்னா உள்ளூர் வண்டியோட ஆபத்து வேகத்துல இருக்கு, வெளியூர் வண்டியோட ஆபத்து பிரேக்குல இருக்கு. உள்ளூர் டிரைவருக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம், அந்த தைரியத்துல வளைவுலயே ஏறி ஓவர்டேக் எடுப்பாரு. வெளியூர்காரருக்கு ரோடு தெரியாது, ஒரு கண்ணு போன் மேப்புல, ஒரு கண்ணு லாட்ஜ் போர்டுல, "ரூம் வேணுமா சார்"னு ஓரமா நின்னு ஒருத்தர் கை காட்டுனா போதும், பின்னாடி யாரு வர்றான்னு பாக்காம நடுரோட்டுல நிப்பாட்டிடுவாரு. அதனால டிஎன் 65 பின்னாடி வந்தா வழிய விட்டுருங்க, கேஎல் முன்னாடி போனா தூரமா நில்லுங்க. இந்த ஒண்ண மட்டும் பழக்கிட்டாலே பாதி தொல்லை போயிரும்.

2. அவருக்கு ஏன் அவ்வளவு அவசரம்

இத ஒரு ஸ்டெப்பா ஏன் வைக்கிறேன்னா டைம் தெரிஞ்சா ஆபத்தும் தெரிஞ்சிரும். மதுரையில இருந்து ஒன் டே பேக்கேஜ் எடுத்து வர்ற வண்டிக்கு போக வர கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர். விடியகாலையில கிளம்பி, அக்னி தீர்த்தம் முடிச்சு, உள்ள 22 தீர்த்தம் ஆடி, மத்தியானம் நடை சாத்துறதுக்குள்ள தரிசனம் பாத்து, சாப்பிட்டு, பேக்கரும்புல கலாம் நினைவிடம் பாத்து, தனுஷ்கோடிக்கு சாயங்காலத்துக்கு மேல உள்ள விடமாட்டாங்கன்னு அங்கிட்டு ஓடி, ராத்திரியே திரும்பணும். பார்ட்டி பின்சீட்டுல உக்காந்து "இன்னும் எவ்வளவு நேரம்ணே"ன்னு கேட்டுக்கிட்டே வரும், ஓனர் போன் பண்ணி அடுத்த டிரிப்புக்கு எப்ப வருவன்னு கேப்பாரு. டிரைவருக்கு கிடைக்கிறது பேட்டா. நான் அவருக்கு வக்காலத்து வாங்கல, ஆனா இந்த கணக்கு புரிஞ்சா உங்களுக்கு ஒரு டைம்டேபிளே கிடைச்சிரும்: காலையில 9 மணி வாக்குல மண்டபம் பக்கம் ராமேஸ்வரம் நோக்கி பறப்பாங்க, மதியத்துக்கு மேல தனுஷ்கோடி ரோட்டுல பறப்பாங்க, பொழுது சாயிற நேரம் எல்லாம் ஒண்ணா ராம்நாடு பக்கம் திரும்பி பறப்பாங்க. அந்த நேரத்துல நமக்கு எதிர்ப்பக்கம் சோலி இருந்தா இன்னும் கவனமா இருக்கணும், அதுக்கு காரணம் ஸ்டெப் 6ல வரும்.

கார்த்திகை பொறந்து தை வரைக்கும் கதையே வேற. சபரிமலை போயிட்டு ராமேஸ்வரம், அங்கிட்டு இருந்து கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வழியா ஈசிஆர்ல திருச்செந்தூர், கன்னியாகுமரின்னு வேன் ஓடிக்கிட்டே இருக்கும், ஓட்டுறது ஒரே ஆளு. மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டம் 1961ன்னு ஒண்ணு 2025 நவம்பர் வரைக்கும் இருந்துச்சு, டிரைவருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு அதுல இருந்துச்சு. ரோட்டுல எவ்வளவு நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். தூக்கத்துல ஓட்டுற வண்டிய கண்டுபிடிக்கிறது கஷ்டம் இல்ல: பைய ஓரத்து வெள்ளை கோட்டு பக்கம் நகரும், திடீர்னு சுதாரிச்சு வெடுக்குனு நடுவுக்கு வரும், ஸ்பீடு 80, 55, 80ன்னு ஏறி ஏறி இறங்கும், போட்ட இன்டிகேட்டர் கிலோமீட்டர் கணக்குல எரிஞ்சுக்கிட்டே போகும். அந்த மாதிரி வண்டிய பாத்தா ஓவர்டேக் பண்ணி முன்னாடி போயிடாதீங்க, நம்ம முதுக அவர்கிட்ட குடுத்த மாதிரி ஆகிரும். நல்லா பின்தங்குங்க, இல்ல ஒரு டீக்கடையில நிப்பாட்டி அத போக விடுங்க.

3. கிளம்புறதுக்கு முன்னாடி நம்ம வண்டி

நம்ம ஊர் உப்புக்காத்து எதையும் விட்டு வைக்காது. டிஸ்க் பிரேக் காலிபர் பின்னு, பிரேக் கேபிள், செயின், ஹார்னுக்குள்ள இருக்கிற பாயிண்டு எல்லாம் மத்த ஊரை விட இங்க சீக்கிரம் துரு பிடிச்சு இறுகிரும். ஹார்ன் கம்முனு கம்மிப்போச்சுன்னா ஏசி போட்டு கண்ணாடி ஏத்தி பாட்டு கேட்டுக்கிட்டு போற டிரைவருக்கு நீங்க இருக்கிறதே தெரியாது.

125 சிசிக்கு மேல உள்ள வண்டிக்கு 2019 ஏப்ரல்ல இருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாம பாத்துக்கிறது) கட்டாயம், 125ம் அதுக்கு கீழ உள்ளதுக்கும் சிபிஎஸ் (ஒரு பிரேக்க பிடிச்சா ரெண்டு சக்கரமும் சேந்து பிடிக்கிறது). ஆனா நம்ம பக்கம் ஓடுறது பாதி பழைய ஸ்பிளெண்டரும் எக்ஸ்எல்லும் தான், அதுல ரெண்டும் இருக்காது, அவசரத்துல பின் பிரேக்க மட்டும் மிதிச்சா சக்கரம் பூட்டி வால் ஆட்டும். ஆளில்லாத ரோட்டுல, முன்னும் பின்னும் சேத்து பிடிச்சு எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு ஒரு தடவையாவது பழகிக்கோங்க, முன் பிரேக்க டக்குனு அமுக்காம கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும்.

சைடு மிரர் ரெண்டும் வேணும். அழகுக்கு கழட்டி வைக்கிற தம்பிங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், இந்த ரூட்டுல ஆபத்து பாதி பின்னாடி இருந்து தான் வருது. ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரையோட, ஸ்டிராப்ப மாட்டி, பின்னாடி உக்கார்றவங்களுக்கும் சேத்து. டேங்க் மேல வச்சுட்டு போலீஸ் செக்கிங் பாத்ததும் மாட்டுற ஹெல்மெட்டால ஃபைன் 1000 ரூபா மிச்சமாகும், தலை மிச்சமாகாது. பின்னாடி மட்கார்டுல 50 ரூபாய்க்கு ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்க, சாயல்குடி பக்கம் ராத்திரி போறவங்களுக்கு அதோட அருமை தெரியும்.

4. ரோட்டுல எங்க ஓட்டணும்

இங்க தான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க. பயந்தவங்க ரோட்டோட விளிம்புல, தாரும் மண்ணும் சேர்ற எடத்துல ஓட்டுவாங்க, அது தான் பாதுகாப்புன்னு நெனப்பு. உண்மையில அது தான் மோசமான எடம். நீங்க விளிம்புல போனா டாக்சிக்காரருக்கு உங்கள ஓவர்டேக் பண்ணணும்னே தோணாது, ஸ்டியரிங்க கூட அசைக்காம அப்படியே நேரா போவாரு, அவரோட சைடு மிரர் உங்க முழங்கைய உரசும், நீங்க ஒதுங்குறதுக்கு மண்ணு தான் மிச்சம். அதுக்கு பதிலா கார்களோட இடது சக்கரம் ஓடுற தடத்துல ஓட்டுங்க. இப்ப உங்கள தாண்டணும்னா அவரு நிஜமாவே வலது பக்கம் ஏறணும், எதிர்ல வண்டி வந்தா காத்திருக்கணும், அப்படியும் அவரு நெருக்குனாருன்னா உங்களுக்கு இடது பக்கம் ஒதுங்க மூணு அடி தார் மிச்சம் இருக்கும். நடு ரோட்டுல ஓட்டச் சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க.

முன்னாடி போற வண்டிக்கு இடைவெளி. 60ல போனா செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுறோம், கண்ணு பாத்து கை பிரேக்குக்கு போறதுக்குள்ள அந்த 17 மீட்டர் காலி. அதனால முன்வண்டி ஒரு கரண்ட் கம்பத்த தாண்டுனதும் ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டுன்னு மனசுக்குள்ள சொல்லுங்க, அதுக்கு முன்னாடி நீங்க அந்த கம்பத்துக்கு வந்துட்டா ரொம்ப கிட்ட இருக்கீங்கன்னு அர்த்தம். மழையிலயும் ரோட்டுல மணல் கிடக்கிற எடத்துலயும் இத ரெண்டு மடங்காக்குங்க.

இன்னோவா, எர்டிகா பக்கத்துல போகும்போது அவரோட சைடு மிரர்ல டிரைவர் மூஞ்சி உங்களுக்கு தெரியுதான்னு பாருங்க. தெரியலன்னா அவருக்கும் உங்கள தெரியாது. அந்த எடத்துல நிக்காதீங்க, ஒண்ணு வெரசா தாண்டிருங்க, இல்ல பின்வாங்கிருங்க. டெம்போ டிராவலருக்கு இடது பின்பக்கம் இன்னும் மோசம்.

5. எடம் எடமா பாத்தோம்னா

பாம்பன் பாலம். 1988 அக்டோபர் 2ல திறந்தது, 2 கிலோமீட்டருக்கு மேல நீளம், ரெண்டே லேன், ஒதுங்க ஓரம்னு ஒண்ணு கிடையாது. நடுவுல பாலம் உசந்து போறதுனால மேட்டு உச்சிக்கு அங்கிட்டு என்ன நிக்குதுன்னு இங்கிட்டு இருந்து தெரியாது. சரியா அந்த உச்சியில தான் வெளியூர் வண்டிய நிப்பாட்டி போட்டோ எடுப்பாங்க. 2025 ஏப்ரல்ல புது ரயில் பாலம் திறந்ததுல இருந்து, தூக்குப்பாலம் தூக்கப்போகுதுன்னா கேக்கவே வேணாம், ரயில் பாலம் தெரியற பக்கம் வரிசையா நிப்பாட்டிடுறாங்க, நிப்பாட்டக்கூடாதுன்னு தெரிஞ்சும் தான். நிக்கிற வண்டியோட கதவு எந்த பக்கமும் திறக்கும், செல்பி எடுக்கிறவரு பின்னாடி பாக்காம பின்னுக்கே நடந்து வருவாரு, கொழந்த ரோட்ட குறுக்க தாண்டி ஓடும்.

பாலத்துல ஏறுறதுக்கு முன்னாடியே பின்னாடி நெருக்கிட்டு வர்ற டூரிஸ்ட் வண்டிய எல்லாம் முன்னாடி விட்டுருங்க. ஏறுனதும் 40க்கு மேல வேணாம். மேட்டுல ஓவர்டேக் கிடையவே கிடையாது, முன்னாடி போறது மாட்டுவண்டியா இருந்தாலும் சரி. நிக்கிற வண்டிய தாண்டும்போது ஒரு கதவு முழுசா திறந்தா எவ்வளவு வருமோ அவ்வளவு தள்ளி போங்க, எதிர்ல வண்டி வந்து அந்த எடம் கிடைக்கலன்னா நிக்கிற வண்டிக்கு பின்னாடியே நின்னுருங்க, பின்னாடி ஹார்ன் அடிக்கிறவரு அடிச்சுக்கிட்டே இருக்கட்டும். ரெண்டு விரல் எப்பவும் பிரேக் மேல.

காத்து. கச்சான்னு சொல்ற மேல்காத்து வீசுற மாசத்துல பாலத்து மேல பைக்க ஒருக்களிச்சு தான் ஓட்டணும், அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதவங்களுக்கு சொல்றது என்னன்னா, பெரிய வேனோ பஸ்ஸோ உங்களுக்கும் காத்துக்கும் நடுவுல வரும்போது காத்து டக்குனு நின்னுரும், நீங்க சாஞ்சு இருந்த பக்கமே வண்டி இழுக்கும், அது தாண்டுனதும் மறுபடி அடிச்சு எதிர்ப்பக்கம் தள்ளும். ஹேண்டில முறுக்கி பிடிக்காம, முழங்கால டேங்குல ஒட்டி வச்சு, கைய தளர்வா விட்டா அந்த ரெண்டு ஆட்டத்தையும் வண்டி தானா சமாளிச்சுக்கும். பாலத்து இணைப்புல இருக்கிற இரும்பு ஈரமா இருந்தா அது மேல பிரேக் பிடிக்காதீங்க, நேரா ஏறி இறங்குங்க.

தனுஷ்கோடி. முகுந்தராயர் சத்திரத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் 2017ல போட்ட ரோடு, அம்பு மாதிரி நேரா இருக்கும், ரெண்டு பக்கமும் கடல். நேரா இருக்கேன்னு டாக்சி எல்லாம் முறுக்குவாங்க. ஆனா காத்துல மணல் ரோட்டு மேல நாக்கு நாக்கா ஏறி கிடக்கும், கார் அத தவிர்க்க சடார்னு நடுவுக்கு வரும், அதே மணல் மேல நம்ம சக்கரம் வழுக்கும். மணல தூரத்துலயே பாத்துருங்க, அதுக்கு முன்னாடி ஸ்பீட குறைச்சுட்டு மணல் மேல பிரேக்கும் வேணாம் திருப்பவும் வேணாம். சாயங்காலம் போலீஸ் எல்லாரையும் வெளிய அனுப்புற நேரத்துல மொத்த கூட்டமும் ஒண்ணா கிளம்பும், ஒண்ணு நீங்க அரை மணி நேரம் முன்னாடியே கிளம்பிருங்க, இல்ல எல்லாத்தையும் விட்டுட்டு கடைசில வாங்க.

ராமேஸ்வரம் ஊருக்குள்ள ஸ்பீடு பிரச்சனை இல்ல, இடம் தான் பிரச்சனை. திட்டகுடி பக்கமும் ரத வீதியிலயும் ஷேர் ஆட்டோ கை காட்டுன எடத்துல நிக்கும், தீர்த்தமாடி ஈரத்துணியோட நடந்து வர்ற ஜனம் ஆட்டோவுக்கு முன்னாடி இருந்து திடீர்னு வெளிய வருவாங்க. ஆட்டோவுக்கு இடது பக்கம் நுழையவே நுழையாதீங்க, ஆள் இறங்குறது அந்த பக்கம் தான். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைக்கு பைக்க ஊருக்கு வெளியவே போட்டுட்டு நடந்துருங்க.

தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் மீன் வண்டி தண்ணி ஒழுக்கிக்கிட்டே போகும், அந்த ஈரம் வெறும் தண்ணி இல்ல, கொழகொழன்னு இருக்கும். ரயில்வே கேட் மூடியிருந்தா டாக்சி எல்லாம் எதிர்ப்பக்க லேன்லயும் போய் அடைச்சு நிக்கும், கேட் திறந்ததும் ரெண்டு பக்கமும் மோதிக்கும், முதல் ஆளா முண்டாம ஒரு நிமிசம் பொறுத்து கிளம்புங்க. ராம்நாட்டுல கேணிக்கரை, பட்டணம்காத்தான் ஈசிஆர் சந்திப்பு ரெண்டுலயும் இடது இன்டிகேட்டர் போட்ட ஆட்டோ வலது பக்கம் திரும்பும். இன்டிகேட்டர நம்பாதீங்க, முன்சக்கரத்த பாருங்க, அது பொய் சொல்லாது.

6. எதிர்ல ஏறி வர்ற வண்டி

உயிர எடுக்கிறது பெரும்பாலும் இது தான். எதிர்ல பஸ் வருது, அதுக்கு பின்னாடி இருந்து ஒரு டாக்சி உங்க லேன்ல ஏறி லைட்ட அடிச்சுக்கிட்டே வருது. வெளிநாட்டுல லைட் அடிச்சா நீ போன்னு அர்த்தமாம், நம்மூர்ல நான் நிக்கமாட்டேன் நீ ஒதுங்குன்னு அர்த்தம். டைம்டேபிள் சொன்னேன்ல, அவங்க திரும்புற நேரத்துல நீங்க எதிர்ப்பக்கம் போனா இது தான் திரும்ப திரும்ப வரும்.

லைட் முதல் தடவ மின்னுனதுமே ஆக்சிலேட்டர விட்டுருங்க, அவரு திரும்பி அவரு லேனுக்கு போவாரான்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க. தாரு மேல இருக்கும்போதே பிரேக் பிடிச்சு ஸ்பீட குறைங்க. மண்ணுல இறங்க வேண்டி வந்தா இறங்குற நிமிசம் பிரேக்க விட்டுட்டு, ஹேண்டில் நேரா, பைய சாய்வா இறங்குங்க, தாருக்கும் மண்ணுக்கும் நடுவுல அரை அடி பள்ளம் இருக்கலாம். இறங்கி நின்னதுக்கு அப்புறம் தான் மறுபடி ஏறணும், ஓட்டிக்கிட்டே விளிம்புல சக்கரத்த உரசி ஏறப் பாத்தா வண்டி சாஞ்சிரும்.

எப்பவும் வரிசையில ஒரு வண்டி தெரிஞ்சா அதுக்கு பின்னாடி இன்னொண்ணு இருக்குன்னு நெனச்சுக்கோங்க. பஸ்ஸோட வலது பக்கம் ஒரு டயரோ ஒரு லைட்டோ எட்டிப்பாக்குதுன்னா அவரு ஏறப்போறாரு.

ராத்திரி ஈசிஆர்ல ஹை பீம் போட்டு வந்தா நீங்களும் பதிலுக்கு ஹை பீம் போட்டு பழி வாங்காதீங்க, ரெண்டு பேரும் குருடாகிட்டா யாருக்கு லாபம். ஒரு தடவ டிம் பண்ணி காட்டுங்க, கேக்கலன்னா ரோட்டோட இடது வெள்ளை கோட்ட மட்டும் பாத்துக்கிட்டு வேகத்த குறைங்க. சீமைக்கருவேலம் ரோடு வரைக்கும் வளந்து கிடக்கிற எடத்துல ஆடு மாடு எதுவும் வெளிய வரும்.

7. கோபம் வந்தா

வரும். ஆனா துரத்தாதீங்க. ஒன்றரை டன் இரும்போட நமக்கு சண்டை வேணாம், அதுவும் உள்ள உக்காந்திருக்கிறவருக்கு சீட் பெல்ட் இருக்கு. சிக்னல்ல பக்கத்துல நின்னா "அண்ணே, கொஞ்சம் பாத்து வாங்கண்ணே, பின்னாடி புள்ள உக்காந்திருக்கு"ன்னு சொல்லிப்பாருங்க, திட்டுறத விட இது வேலை செய்யும், நம்மூர் டிரைவருங்க அண்ணேன்னு கூப்பிட்டா பாதி எறங்கிருவாங்க. கேக்கலன்னா நம்பர குறிச்சுக்கோங்க. எம்பரிவாகன் ஆப்ல நம்பர போட்டா இன்சூரன்ஸ், எஃப்சி எது வரைக்கும் இருக்குன்னு வரும். நேஷனல் ஹைவேல உடனே சொல்லணும்னா 1033, போலீசுக்கு 100 இல்லாட்டி 112, ரெண்டுல எதுவும். ஆபத்தா ஓட்டுறதுக்கு மோட்டார் வாகன சட்டம் 184வது பிரிவுல முதல் தடவைக்கு 1000 ரூபால இருந்து 5000 வரைக்கும் ஃபைன், இல்லாட்டி 6 மாசத்துல இருந்து ஒரு வருசம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி ரெண்டும். ஓட்டிக்கிட்டே வீடியோ எடுக்காதீங்க, அதே பிரிவு போன் பிடிச்ச உங்க மேலயும் பாயும்.

8. அப்படியும் இடிச்சுட்டா

முதல்ல ரோட்ட விட்டு ஓரத்துக்கு வாங்க, ஹெல்மெட்ட அவசரமா யாரையும் கழட்ட விடாதீங்க, கழுத்துல அடி இருக்கலாம். 108 கூப்பிடுங்க. காசு இல்லன்னு ஆஸ்பத்திரிக்கு தயங்க வேணாம், 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், திட்டத்துல சேந்த தனியார் ஆஸ்பத்திரியிலயும் கிடைக்கும். அது போக 2025 மே மாசத்துல மத்திய அரசு கொண்டு வந்த திட்டத்துல ஒரு ஆளுக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும் 7 நாளைக்கு பணம் கட்டாம பாக்கலாம். அடிபட்டவர கொண்டு போய் சேத்தா நம்மள கேசுல இழுப்பாங்கன்னு இன்னும் பயப்படுறவங்க இருக்காங்க, மோட்டார் வாகன சட்டத்தோட 134ஏ பிரிவு உதவி பண்றவருக்கு பாதுகாப்பு குடுக்குது, பேரு சொல்லணும்னு கட்டாயம் கிடையாது.

நம்பர் பிளேட், வண்டி நின்ன எடம், பிரேக் தடம், உடைஞ்ச பாகம் எல்லாத்தையும் வண்டி நகர்றதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, பக்கத்து கடைக்காரர் நம்பர் வாங்கி வச்சுக்கோங்க. டிரைவரு அஞ்சு நூறு ரூபா நோட்ட கையில அமுக்கி "கேசு எதுக்கு தம்பி, சமாதானமா போயிருவோம்"னு சொல்லுவாரு, பார்ட்டி வேற வண்டிக்குள்ள உக்காந்து மணிய பாக்கும், சுத்தி நிக்கிறவங்களும் வாங்கிக்கோன்னு தான் சொல்லுவாங்க. வயித்துல, தலையில பட்ட அடி ராத்திரிக்கு தான் தெரியும். ராம்நாடு ஜிஹெச்சுல போய் காட்டி, ரோடு ஆக்சிடென்ட்னு பதிய வச்சு, ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் காப்பி வாங்குங்க. நஷ்டஈடு மனு விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துல போடணும், எஃப்ஐஆர், காயச் சான்று, ஆஸ்பத்திரி பில்லு, சம்பள சான்று, உங்க லைசென்ஸ் இதெல்லாம் வேணும், லைசென்ஸ் இல்லாம ஓட்டியிருந்தா எதிர்த்தரப்பு வக்கீல் அத தான் முதல்ல பிடிப்பாரு. இடிச்சுட்டு நிக்காம போன வண்டி எதுன்னே தெரியலன்னாலும் கை விட வேணாம், பலத்த காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம்னு அரசு நஷ்டஈடு இருக்கு, அதுக்கும் எஃப்ஐஆர் வேணும்.

பைக்க மெக்கானிக் கிட்ட உடனே குடுத்துராதீங்க. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பாத்து ரிப்போர்ட் எழுதுற வரைக்கும் உடைஞ்சது உடைஞ்ச மாதிரியே இருக்கணும், இன்சூரன்ஸ் சர்வேயர் பாக்குறதும் அப்படி தான். அது முடிஞ்சு வண்டி வீட்டுக்கு வந்ததும் முன் ஃபோர்க்கையும் ஹேண்டில் பேரிங்கையும் முதல்ல செக் பண்ண சொல்லுங்க, வெளிய பாக்க நேரா இருக்கும், பாம்பன் காத்துல ஏறும்போது தான் கோணல் தெரியும்.